3,500 ரூபா கட்டி 10 நாள் இன்டர்வியூ கோச்சிங் போனேன், நர்சிங் அசிஸ்டன்ட் வேலைக்கு இது தேவையா?

ஒரு வருஷ நர்சிங் அசிஸ்டன்ட் கோர்ஸ் முடிச்சுட்டு அஞ்சு மாசம் வீட்ல சும்மா இருந்தேன். சும்மான்னா சும்மா இல்ல, பக்கவாதம் வந்து படுத்துட்ட அப்பத்தாவ பாத்துக்கிட்டேன், அதுக்கு யாரு சம்பளம் குடுப்பா. நமக்கு உசிலம்பட்டி பக்கம். மதுரைல ஆஸ்பத்திரிக்கு என்ன கொறச்சல், எங்கிட்டு திரும்புனாலும் ஒன்னு நிக்குது, ஆனா இன்டர்வியூன்னு சொன்னாலே கைகால் ஒதறுது, ஏன்னா காலேஜ்ல அத மட்டும் யாரும் சொல்லித்தரல. அப்பதான் பஸ்ல ஒரு நோட்டீஸ் கெடச்சுச்சு, ஜிடிஏ (வார்டுல பொது உதவியாளர்), நர்சிங் அசிஸ்டன்ட், ஏஎன்எம் (துணை செவிலியர்) எல்லாருக்கும் இன்டர்வியூ டிரெயினிங், 10 நாள், 100 சதவீதம் வேலை உறுதின்னு. பீஸ் 3,500, அது போக 500 ரூபா டெபாசிட், முடிஞ்சதும் திருப்பித் தருவோம்னாங்க. அண்ணன்கிட்ட வாங்கி கட்டுனேன். அதோட ரிவ்யூ தான் இது. பேர் போடல, போட்டா யாராவது போன் பண்ணி சண்டைக்கு வருவாங்க, எனக்கு இப்ப டூட்டி இருக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல. ஆனா இந்த மாதிரி எடம் ஊருக்கு நாலு இருக்கு, அதனால என்ன பாத்து சேரணும்னு தெரிஞ்சுக்கலாம்.

எங்க பேட்ச்ல 22 பேரு, ஒரே ஒரு பையன் மட்டும் தான், பாவம் அவன கடைசி வரைக்கும் சிஸ்டர்னே கூப்புட்டு ஓட்டுனாங்க. மாடில ஒரு ரூம், ரெண்டு பேனு, அதுல ஒன்னு ஓடும். தண்ணி கேன் உண்டு. பாத்ரூம் பத்தி பேச வேணாம். 10 நாள்ல 8 நாளு ஸ்போக்கன் இங்கிலீஷும் செல்ப் இன்ட்ரோவும், மிச்ச ரெண்டு நாள் தான் பிராக்டிகல், அதுவும் சனி ஞாயிறு. இது நோட்டீஸ்ல இல்ல, சேந்த அப்பறம் தான் தெரிஞ்சுச்சு.

இங்கிலீஷ் சார் நல்ல மனுசன் தான், கோவமே வராது. ஆனா நர்சிங்குக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கெடையாது, காலைல எங்களுக்கு, மத்தியானம் பிபிஓ பேட்ச்சுக்கு, ரெண்டு பேருக்கும் அதே பாடம். மை ஸ்ட்ரென்த் இஸ் ஹார்ட் ஒர்க்னு ஆரம்பிச்சு எட்டு வரி, அத 22 பேரும் ஒப்பிக்கணும். ஒரே ஆஸ்பத்திரிக்கு நாங்க ஆறு பேரு போயிருந்தா ஆறு பேரும் அதே எட்டு வரிய சொல்லிருப்போம், கேக்குறவங்க என்ன நெனப்பாங்கன்னு யாரும் யோசிக்கல. நான் ரெண்டு ஆஸ்பத்திரி இன்டர்வியூ போனேன், ரெண்டுலயும் முழுக்க தமிழ்ல தான் பேசுனாங்க. பேஷன்ட் தமிழ்ல தான பேசுவாரு. இங்கிலீஷ் வேண்டியது எங்கன்னா எழுதி இருக்கத வாசிக்க. என்பிஎம்னா வாய் வழியா ஒன்னும் குடுக்கக்கூடாது, ஐஓ சார்ட்னா உள்ள போனது வெளிய வந்தது ரெண்டையும் எழுதறது, பிடினா ஒரு நாளைக்கு ரெண்டு வேள, டிடிஎஸ்னா மூனு வேள. இத சொல்லிக் குடுத்திருந்தா எட்டு நாளும் உருப்படியா போயிருக்கும்.

அடுத்து அந்த நோட்ஸ். 300 ரூபா தனி. ஸ்பைரல் பைண்டிங், முன்னாடி அட்டைல வெளிநாட்டு நர்ஸ் போட்டோ. உள்ள மாடல் கேள்வி பதில் இருக்கு, அதுல பாதி தப்பு, கொஞ்சம் டேஞ்சரான தப்பும் இருக்கு. உதாரணத்துக்கு, ஆஸ்பத்திரி குப்பை பிரிக்கறது எப்படின்னு ஒரு கேள்வி, அதுக்கு பத்து வகை, கருப்பு கவர்னு பதில் போட்ருக்காங்க. அது 1998ல வந்த ரூல். 2016லயே மாத்தியாச்சு, இப்ப நாலே கலர் தான். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, காலாவதி மருந்தெல்லாம் மஞ்சள், ட்ரிப் டியூப், யூரின் பேக், கிளவுஸ் மாதிரி பிளாஸ்டிக் எல்லாம் செவப்பு, ஊசி பிளேடு மாதிரி குத்துறது எல்லாம் ஓட்ட விழாத வெள்ள டப்பா, கண்ணாடி மருந்து பாட்டில் ஆம்ப்யூல் எல்லாம் நீலம். என்ஏபிஹெச்ங்கற தரச் சான்று வாங்குன ஆஸ்பத்திரில இத கேக்காம விடவே மாட்டாங்க, நீங்க போயி கருப்பு கவர்னு சொன்னா அப்பறம் அடுத்த கேள்வியே வராது.

அத விட பெருசு ஒன்னு இருக்கு. உங்களுக்கு என்னென்ன தெரியும்னு கேட்டா இன்ஜெக்ஷன், ஐவி (நரம்புல போடற ஊசி), டிரெஸ்ஸிங், கதீட்டர் (யூரின் போக வைக்கற டியூப்) எல்லாம் போடுவேன்னு தைரியமா சொல்லுங்க, அப்பதான் சம்பளம் ஏறும்னு நோட்ஸ்லயே போட்ருந்துச்சு, சாரும் அதையே சொன்னாரு. நான் கேணச்சி, நம்பி மொத இன்டர்வியூல அப்படியே சொன்னேன். இன்ஜெக்ஷன் போடுவியாம்மான்னு கேட்டாங்க, போடுவேன் மேடம், ஐவி கூட போடுவேன்னேன். யாருக்கு போட்டன்னு கேட்டாங்க. எங்க தெரு கிளினிக்லன்னு வாய்க்கு வந்தத சொன்னேன். அந்த மேடம் என் பைல மூடி கைல குடுத்து, நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணவங்க போடறது அது, நீ போடறேன்னு சொன்னா நாளைக்கு என் வார்டுல யாரயாவது கொன்னுருவ, போயிட்டு வாம்மான்னு சொன்னாங்க. திட்டல, சாதாரணமா தான் சொன்னாங்க, அதான் ரொம்ப வலிச்சுச்சு. பஸ் ஸ்டாண்ட் வர்ற வரைக்கும் அழுகை. இது நடந்தது கிளாஸ் ஆரம்பிச்ச அஞ்சாவது நாளு, லீவு போட்டுட்டு போயிருந்தேன்.

அதுக்கப்பறம் நின்னுரலாம்னு தான் நெனச்சேன், பணம் திரும்ப வராதுன்னதால போனேன். சனிக்கிழம ஒரு சிஸ்டர் வந்தாங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரில வார்டு சிஸ்டரா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க, அறுபத தாண்டி இருக்கும், வெள்ளக் காட்டன் சேல, கைல வளையல் இல்ல, வாட்ச் மட்டும். இந்த ரிவ்யூல நான் குடுக்கற ஸ்டாரெல்லாம் அவங்களுக்கு தான்.

வந்ததும் நோட்ஸ வாங்கி பொரட்டுனாங்க. பேனா எடுங்கன்னாங்க. அந்த குப்பை பக்கத்தையும் இன்ஜெக்ஷன் பதிலையும் எல்லாரையும் குறுக்க அடிக்க வச்சாங்க. அப்பறம் அங்க ஒரு இரும்பு கட்டில் கெடந்துச்சு, மேல ஒரு பிளாஸ்டிக் பொம்மை, அத தூக்கி மூலைல வச்சுட்டு அவங்களே ஏறி படுத்துக்கிட்டாங்க. நான் 80 கிலோ, இடது பக்கம் வாதம் அடிச்சிருக்கு, என்னை திருப்பி படுக்க வை, யாரு வர்றான்னாங்க. யாரும் போகல. அப்பத்தாவுக்கு செஞ்ச பழக்கம் இருக்கேன்னு நான் போனேன், போயி நேரா கையப் புடிச்சு இழுத்தேன் பாருங்க, கட்டில்ல இருந்தே ஒரு சத்தம். ஏ பாப்பா, எம் பேரக் கேட்டியா? திருப்பப் போறேன்னு சொன்னியா? கைய கழுவுனியா? ஸ்கிரீன இழுத்து விட்டியா? வாதம் வந்த கையப் போயி இழுக்கறியே தோள்பட்ட எறங்கிருமேடி!

ஒரு நிமிசத்துல அஞ்சு தப்பு. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா வீட்ல அப்பத்தாவ அப்படித்தான் இழுத்துக்கிட்டு இருந்தேன், தோளு வலிக்குதுடின்னு அது கத்தும், நான் சும்மா கெடன்னுருவேன்.

அப்பறம் செஞ்சு காட்டுனாங்க. முழங்கால மடக்கி வச்சு, ஒரு கை தோள்பட்டைக்கு பின்னாடி, ஒரு கை இடுப்புல, ஆளு நம்ம பக்கம் உருண்டு வர்ற மாதிரி. முதுகுக்கு ஒரு தலகாணி, ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு தலகாணி. குண்டான ஆளா இருந்தா தனியா செய்யாத, இன்னொரு ஆள கூப்புடு, நீ கேட்டா கவுரவம் கொறையாதுன்னாங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பக்கம் மாத்தணும், மாத்துன நேரத்த எழுதணும், திருப்பறப்ப முதுகு, குறுக்கு, குதிகால் செவந்திருக்கான்னு பாக்கணும், செவப்ப தேச்சு விடாத, ஸ்டாப் நர்ஸ்கிட்ட போயி சொல்லு. சட்ட மாட்டும்போது வராத கை மொதல்ல, கழட்டும்போது நல்ல கை மொதல்ல. இத பாட்டு மாதிரி பத்து தடவ சொல்ல வச்சாங்க, இப்பவும் டூட்டில வாய் முணுமுணுக்குது.

ஞாயித்துக்கிழம வைட்டல்ஸ். நம்பர் எல்லாருக்கும் தெரியும், பல்ஸ் 60லருந்து 100, டெம்பரேச்சர் 98.6, பிபி 120க்கு 80, ஆக்சிஜன் 95க்கு மேல. சிஸ்டர் நம்பர கேக்கவே இல்ல. எப்படி பாப்பன்னு தான் கேட்டாங்க. மாடி ஏறி வந்தவருக்கு ஒடனே பிபி பாக்காத, அஞ்சு நிமிசம் ஒக்கார வை. இப்பதான் டீ குடிச்சவர் வாயில தெர்மாமீட்டர் வைக்காத. சட்டைக்கு மேல பிபி கப்ப (கைல சுத்தற பட்டிய) சுத்தாத. டயாலிசிஸ்க்கு பிஸ்டுலா (ரத்தக்குழாய சேத்து வச்ச எடம்) போட்ட கை, மார்பு எடுத்த பக்கத்து கை, ட்ரிப் ஓடுற கை, இதுல எல்லாம் பிபி கப்பு போடக்கூடாது, தெரியலன்னா கேட்டுட்டு போடு. பல்ஸ கட்ட வெரலால பாக்காத, உன் துடிப்பே ஒனக்கு கேக்கும். மூச்ச எண்ணப் போறேன்னு பேஷன்ட்கிட்ட சொல்லாத, சொன்னா அவரு மூச்ச மாத்திருவாரு, பல்ஸ் பாத்த கைய விடாம அப்படியே வச்சுக்கிட்டு நெஞ்ச பாத்து எண்ணு. ஒரு முழு நிமிசம். 15 செகண்ட் பாத்து நாலால பெருக்கறதெல்லாம் எங்கிட்ட வேணாம்னாங்க.

அப்பறம் என் வாட்ச பாத்தாங்க. மாமா வாங்கிக் குடுத்தது, ரோஸ் கலரு, கல்லு பதிச்சது, செகண்ட் முள்ளு இல்ல. இத வச்சு என்னத்த எண்ணுவன்னு கேட்டாங்க. அன்னிக்கு சாயந்தரமே பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் 250 ரூபாக்கு செகண்ட் முள்ளு வச்ச வாட்ச் ஒன்னு வாங்குனேன். மொத்த தயாரிப்புல உருப்படியா செலவு பண்ணது அந்த 250 தான்னு சொல்வேன்.

ஊசி குத்திக்கிட்டா என்ன செய்யணும்னும் சொன்னாங்க, இது கேக்கற கேள்வி மட்டுமில்ல, நெசமா நடக்கும், குப்ப அள்ளும்போது நமக்கு தான் குத்தும். அமுக்கி ரத்தத்த பிதுக்கக்கூடாது, சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவணும், ஒடனே இன்சார்ஜ்கிட்ட சொல்லணும், எச்ஐவி தடுப்பு மாத்திர தேவைப்பட்டா எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறோமோ அவ்ளோ நல்லது, 72 மணி நேரம் தாண்டக்கூடாது. திட்டுவாங்கன்னு மறச்ச புள்ளைங்கள நான் பாத்திருக்கேன்னாங்க, அதுக்கு மேல ஒன்னும் சொல்லல. ஹெபடைட்டிஸ் பி ஊசி மூனு டோஸ், மொத ஊசி, ஒரு மாசம் கழிச்சு ஒன்னு, ஆறாவது மாசம் ஒன்னு, இன்டர்வியூக்கு முன்னாடியே மொத டோஸ் போட்டு அந்த கார்ட பைல்ல வைங்கன்னு சொன்னாங்க. வச்சேன்.

ரெண்டாவது இன்டர்வியூ அடுத்த வாரம் வேற ஆஸ்பத்திரில. டிரெஸ்ஸுக்கு விளக்குத்தூண் பக்கம் போயி சாதா காட்டன் சுடிதார் செட் எடுத்தேன், நகம் வெட்டி, வளையல் கொலுசு கழட்டி, கொண்ட போட்டு, அம்புட்டு தான், டிரெஸ் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. வெளிய எம்புட்டு பேரு உக்காந்திருந்தாங்க, எல்லாரும் உதட்ட அசச்சு மை ஸ்ட்ரென்த் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. எனக்கும் ஓடிச்சு, பழக்க தோசம்.

உள்ள நர்சிங் சூப்பரின்டென்ட் மேடமும் ஹெச்ஆர் சாரும். ஊரு எது, எப்படி வந்தன்னு கேட்டாங்க. அடுத்து மேடம் கைய நீட்டி, எனக்கு பல்ஸ் பாருன்னாங்க. கை கழுவிட்டு வரவா மேடம்னேன், ரூம் மூலைல சானிடைசர் இருந்துச்சு, தேச்சுட்டு வந்து, பாக்கறேன் மேடம்னு சொல்லிட்டு மூனு வெரல வச்சேன். ஒரு நிமிசம் யாரும் பேசல, பேனு சத்தம் தான். 84ன்னேன், கைய விடாம இன்னொரு நிமிசம் எண்ணிட்டு மூச்சு 18ன்னேன். மூச்சு எப்ப எண்ணுனன்னு மேடம் சாரப் பாத்து சிரிச்சாங்க.

அப்பறம் வரிசையா வந்துச்சு. ட்ரிப் முடியப்போகுது, கூட இருக்கவங்க மாத்துங்கங்குறாங்க, நர்ஸ் பக்கத்துல இல்ல, என்ன செய்வ? நான் பாட்டில தொட மாட்டேன் மேடம், ஸ்டாப் நர்ஸ கூப்புடுவேன், அவங்க வர்ற வரைக்கும் பேஷன்ட் பக்கத்துல நிப்பேன்னேன். மொத இன்டர்வியூவா இருந்தா மாத்திருவேன்னு சொல்லிருப்பேன். பேஷன்ட் கீழ விழுந்து கெடக்காரு? தூக்க மாட்டேன், ஆள கூப்புடுவேன், எங்க வலிக்குதுன்னு கேப்பேன், நர்ஸோ டாக்டரோ பாத்த அப்பறம் தான் நகத்தணும். டிஸ்சார்ஜ் ஆகும்போது 100 ரூபா கைல திணிக்கறாங்க? வேணாம்மா, ஒடம்பு நல்லானா போதும்னு சொல்லி திருப்பிக் குடுப்பேன். டெட் பாடி பேக் பண்ணுவியா? இதுவரைக்கும் செஞ்சதில்ல மேடம், சொல்லிக் குடுத்தா செய்வேன். இதுக்கு மட்டும் கொரல் கொஞ்சம் எறங்கிருச்சு, மேடம் பரவால்லன்னு தலைய ஆட்டுனாங்க.

கடைசியா, மோஷன் யூரின் எல்லாம் சுத்தம் பண்ணணும், மொகம் சுளிக்க மாட்டியேன்னாங்க. அஞ்சு மாசமா எங்க அப்பத்தாவுக்கு செய்யறேன் மேடம்னேன். இத ஏன் ரெஸ்யூம்ல போடலன்னு கேட்டாங்க. சர்டிபிகேட் இல்லாத எத்தையும் போடாதீங்கன்னு கிளாஸ்ல சொன்னதால போடல. புண்ணு இருக்கான்னு கேட்டாங்க, இல்ல மேடம், ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்புவோம், ராத்திரி அம்மா, பகல்ல நான்னேன். தோள இழுத்தத சொல்லல. அதுக்கப்பறம் ஒரு அஞ்சு நிமிசம் அப்பத்தாவ பத்தி தான் பேச்சு, எப்படி சாப்பாடு குடுக்கற, பொறையேறுதான்னு. நிமித்தி உக்கார வச்சு, குடுத்து முடிச்சு அரை மணி நேரம் படுக்க விட மாட்டோம்னேன். நைட் டூட்டி பாப்பியான்னு கேட்டதும் தான் வேலை கெடச்சுருச்சுன்னு புரிஞ்சுச்சு.

கிளாஸ்ல சொல்லவே சொல்லாத இன்னொரு விசயம் சம்பளக் கணக்கு. 12,000னு சொன்னாங்க, நான் 12,000 கைக்கு வரும்னு நெனச்சேன். ஹெச்ஆர் சார்கிட்ட கேட்டதுக்கு முழுசுக்கும் பிஎப் 12 சதவீதம் 1,440 புடிப்போம், ஈஎஸ்ஐ 0.75 சதவீதம் 90 ரூபா, கைக்கு 10,470ன்னாரு. ஹாஸ்டல்ல தங்குனா அது தனி. ஈஎஸ்ஐ இருக்கறது நல்லது தான், ஆனா முன்னாடியே தெரிஞ்சுட்டு போங்க, அங்க போயி மொகம் வாடக்கூடாது.

கோச்சிங் சென்டரோட 100 சதவீத வேலை என்னாச்சுன்னா, அவங்க சொன்னது ஆஸ்பத்திரியே இல்ல. சென்னைல ஒரு ஏஜென்சி, வயசானவங்க வீட்லயே தங்கி 24 மணி நேரமும் பாத்துக்கணும். அந்த வேலைய நான் கொற சொல்லல, எங்க பேட்ச்ல ரெண்டு பேரு விருப்பப்பட்டு போனாங்க, ஆனா நோட்டீஸ்ல ஆஸ்பத்திரி படம் போட்டுட்டு இத குடுக்கறது சரியில்ல. அதுக்கு 10வது, பிளஸ் டூ மார்க் ஷீட் ஒரிஜினல குடுங்க, ஆபீஸ்ல பத்திரமா இருக்கும்னாங்க. நான் குடுக்கல. ஒரிஜினல காட்டுங்க, ஜெராக்ஸ குடுங்க, யாரு கேட்டாலும் சரி. குடுத்த ஒரு பொண்ணு அத திரும்ப வாங்க மூனு தடவ அலஞ்சா, நடுவுல வந்த ஒரு நல்ல வேலையும் போச்சு.

ஸ்டார் கேட்டா, இங்கிலீஷ் கிளாஸுக்கு 5க்கு 1, நோட்ஸுக்கு சைபர், வேலை வாங்கித் தர்றதுக்கு 1, சிஸ்டருக்கு 5. மொத்தமா 2.5 போட்டுக்கங்க. இந்த மாதிரி எடத்துல சேர்றதுக்கு முன்னாடி பிராக்டிகல் எத்தன நாளு, எடுக்கறது யாரு, அவங்க வார்டுல வேல பாத்தவங்களா, இந்த மூனையும் கேட்டுட்டு பணத்த எடுங்க. டெபாசிட் 500 இன்னும் வரல, நாலு தடவ போன் அடிச்சாச்சு, அக்கவுன்ட்ஸ் மேடம் லீவுங்குறாங்க. எங்க பேட்ச்ல ஒருத்தி மொத நாளே சண்ட போட்டு சனி ஞாயிறு மட்டும் வர்றேன்னு 1,000 ரூபாயோட முடிச்சா. அவளுக்கும் வேல கெடச்சுருச்சு. எனக்கு தான் கேக்கணும்னு தோணல.